அப்பா கட்டிய சாவிக் கயிறு

செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. அப்பாவின் முட்டி ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் எல்லாமும் நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அந்தப் பழைய இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் பதிலில் மறைக்காமல் சொல்லிவிடு. போனில்தான் பேசுகிறோமே, இது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் சொல்ல வருவதோ அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் எங்கள் முதியோர் இல்லத்தில் மதியம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு மருந்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், கொஞ்சம் பொறுமையாகப் படி.

ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா வீட்டோடு இருப்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனைக் காலை நீட்டி உட்கார் என்றால் என்ன ஆகும், முதலில் மிக்சியைக் கழற்றினார், பிறகு சுவர்க் கடிகாரத்தை. மிக்சி நல்லவேளை திரும்ப ஓடுகிறது, கடிகாரம் இன்னும் தட்டில்தான் இருக்கிறது. அந்தச் சமயத்தில் காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் தன் ஸ்கூட்டர் சாவியை மேஜைமேல் வைத்தாள். சாவியோடு விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பின்னல் தொங்கியது, நான்கு பக்கமும் செதுக்கி எடுத்தது போலச் சதுரமாக இருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கம்மா ஆரம்பிக்குது?” என்றார். அவள், “எனக்குத் தெரியாது சார், கடையில வாங்கினது, முதல்ல காலை மடக்குங்க” என்றாள். இவர் காலை மடக்கினால்தானே. கடைசியில் எல்லாப் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்தால் அடுத்த முறை வரும்வரை அதை இங்கேயே விட்டுப்போகிறேன் என்று பேரம் பேசி மடக்க வைத்தாள், அவ்வளவு கெட்டிக்காரி.

அது பாராசூட்டுக்கென்று செய்த கயிறாம், பாரகார்டு என்கிறார்கள். தானும் பின்னிப் பார்க்க அப்பா அதை வரவழைத்தார், வந்த அன்றே ஒரு துண்டை வெட்டி எனக்குக் காட்டினார். மேலே வழுவழுப்பாக ஓர் உறை, உள்ளே மெல்லிய இழைகள் கொத்தாக. “வெளிய சட்டை, உள்ள ஆளு, பாத்தியா” என்று அவருக்கே சிரிப்பு. ஓர் ஆளையே தாங்குமாம் அந்தச் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கயிறு. அதன் பிறகு வீடியோ பார்த்துக் கற்கத் தொடங்கினார். வீடியோவில் தெரியும் கை எதிரே இருப்பதால் இடம் வலம் மாறிவிடுகிறது, கட்டுகிறவனும் மின்னல் வேகத்தில் கட்டுகிறான், அப்பா பஸ்ஸில் குறுக்கே வருகிறவனைத் திட்டுவது போலத் திரையைப் பார்த்து “டேய், மெதுவாடா” என்று கத்துவார். முதலில் வந்த முடிச்சைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஏதோ நாய்க்குட்டி கடித்துத் துப்பியது போல இருந்தது. நுனி பிரியாமலிருக்க லைட்டரால் சுட்டு அமுக்க வேண்டும், அப்படிச் சுட்டதில் நீ அனுப்பிய மேஜை விரிப்பில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது, அதன்மேல் பூ ஜாடி வைத்திருக்கிறேன், வந்தால் நகர்த்திப் பார்க்காதே.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். இரண்டு கயிற்றைக் குறுக்கே வைத்து, நான்கு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இழுத்தால் ஒரு கட்டு விழும், அப்படியே அடுக்கிக்கொண்டு போனால் பின்னல். அப்பா பின்னினால் அது பாதி சதுரமாகவும் பாதி உருண்டையாகவும் வந்தது. அதே கயிறு, அதே விரல், ஏன் இப்படி என்று பிரித்துப் பிரித்துக் கட்டினார், எனக்கும் அது மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டையும் ஒரே பக்கமாகச் சுற்றிப் போட்டால் முறுக்கிக்கொண்டு உருண்டையாக வருகிறது, ஒன்றை இடமாகவும் அடுத்ததை வலமாகவும் போட்டால் சதுரம். இதை நான்தான் கண்டுபிடித்தேன், அப்பா தான்தான் என்று சொல்வார், நம்பாதே. பால் பொங்கி வழிந்ததுதான் சாட்சி. அதற்குப் பிறகு கைக்கு வந்துவிட்டது. தபால்காரர், கீழ்வீட்டுத் தையல்காரர், பிசியோ பெண் எல்லார் சாவியிலும் அப்பாவின் பின்னல்தான், ஒரே ஒரு சாவி வைத்திருக்கும் உன் சித்திக்குக்கூட ஒரு கொத்து கிடைத்தது.

எனக்கென்று கருநீலமும் மஞ்சளும் கலந்து கழுத்தில் மாட்டுகிற கயிறு ஒன்று பின்னினார், நெஞ்சுக்கு நேரே ஓர் உருண்டை முடிச்சு, அதற்குக் கீழே மருந்து அலமாரிச் சாவி. இல்லத்தில் முன்பு கொடுத்திருந்த பிளாஸ்டிக் பட்டை கொஞ்சம் இழுபட்டாலே பிடரிப் பக்கம் பட்டென்று கழன்றுகொள்ளும், மட்டமான சாமான் என்று அதை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவின் கயிற்றை மாட்டிக்கொண்டு பெருமையாக வலம் வந்தேன். எங்கள் வார்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார், எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டே இருப்பதால் ஜன்னலம்மா என்று கூப்பிடுவோம். ஞாபகம் எல்லாம் கலைந்துபோய்விட்டது, பேச்சும் குறைவு. ஒருநாள் காலை மாத்திரை கொடுக்கக் குனிந்தேன், நெஞ்சிலிருந்த உருண்டையை எட்டிப் பிடித்தார். தடவிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, நானும் சிரித்தேன். அடுத்த நொடி சாவியைப் பிடித்துக் கட்டிலின் தலைமாட்டு இரும்பில் இருக்கும் ஓட்டையை நோக்கி இழுத்தார், “இருங்க, லைன்லயே இருங்க” என்று சொல்லிக்கொண்டே. என்ன பலம் அந்தக் கைக்கு. கயிறு கழுத்தை இறுக்கிவிட்டது, குரல் வரவில்லை, அவர் விரலைப் பிரிக்கவும் முடியவில்லை. எதிர்க் கட்டிலுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த அட்டெண்டர், நெட்டை என்று சொல்வேனே அவன், பார்த்துவிட்டு ஓடி வந்து கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோலை வைத்து அறுத்தான். அதுவும் லேசில் அறுபடவில்லை, நறநறவென்று கடித்துத்தான் அறுந்தது. அறுந்ததும் ஜன்னலம்மா கையைப் பார்த்து, “லைன் கட் ஆயிடுச்சு” என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருமலுக்கு நடுவிலும் எனக்கு, யாருடைய லைன், எங்கே போகிற லைன் என்ற கேள்விதான்.

வீட்டுக்குக் கழுத்தில் ஸ்கார்ப் சுற்றிக்கொண்டு போனேன். மறைத்துவிடலாம் என்று பார்த்தேன், உன் அப்பாவிடம் நடக்குமா. கயிறு எங்கே என்றார், சொன்னேன். “அறுந்துச்சா?” என்றார் முதல் கேள்வியாக. எனக்கு வந்ததே கோபம். “அறுந்திருந்தாத் தேவலையே, அறுக்க வேண்டியதாப் போச்சு” என்று ஸ்கார்பை எடுத்துக் காட்டினேன். சிவந்து கன்றிப்போயிருந்தது. அவர் கயிறு, லைட்டர், பாதி பின்னியது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்தக் காலை வைத்துக்கொண்டு எக்கிப் பரண்மேல் தள்ளினார். நான் உதவ வந்தால் கையைத் தட்டிவிட்டார். மறுநாளிலிருந்து பழையபடி ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரையைத் திட்டுகிற சத்தம்கூட இல்லாத வீடு என்னவோபோல் இருந்தது, எனக்கு அடிபட்டதைவிட அதுதான் பெரிய தொந்தரவாகப் போய்விட்டது.

அந்த வாரம் ஜன்னலம்மாவின் அண்ணன் மகள் பார்க்க வந்தபோது விஷயத்தைச் சொல்லி, உங்கள் அத்தை எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு, “ஐயோ, அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில ஆபரேட்டரா இருந்தவங்க சிஸ்டர், பலகை முழுக்க ஓட்டையா இருக்குமாம், கயிறை எடுத்துச் செருகினாத்தான் ரெண்டு பக்கமும் பேச முடியுமாம்” என்றாள். ஓடாத குறையாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ அவங்க உன்னை இழுக்கல, செருகத்தான் பாத்தாங்க” என்றார். “என் கழுத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தார். உடனே, அந்தக் கயிறு எவ்வளவு கனம், நுனியில் என்ன இருக்கும், இழுத்தால் தானாக உள்ளே போகுமா என்று கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார், பரணிலிருந்து பையும் இறங்கியது. தினமும் ஒரு கேள்வியை என்னிடம் கொடுத்து அனுப்புவார், நான் ஜன்னலம்மாவிடம் கேட்டு வருவேன். தன் பெயரே தெரியாத நாளில்கூட இதற்கு மட்டும் பதில் வந்துவிடும். “நுனி பித்தளை. வேர்வைக் கையால தொட்டாக் கறுத்துடும், தொடச்சு வைக்கணும்” என்று எனக்கே வேலை சொல்லிக்கொடுப்பார்.

அப்பா முதலில் என் கழுத்துக் கயிற்றைத்தான் சரிசெய்யப் பார்த்தார். பிடரியில் இரண்டாக வெட்டி, இழுத்தால் கழன்றுகொள்ளும் கொக்கி ஒன்றை நடுவில் வைத்தார், நான் திட்டித் தீர்த்த பழைய பட்டையில் இருந்ததே, அதே மாதிரி. தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு சித்தியை இழுக்கச் சொன்னார். முதல் கொக்கி கழலாமல் மாமாவோ மாமா என்று சித்தி அலறினாள், அடுத்தது தும்மினாலே விழுந்தது, பிறகுதான் சரியாக வந்தது. கொண்டுபோய்த் தலைமை நர்சிடம் காட்டினேன். அந்த அம்மாள் நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, வேலை அருமை, ஆனால் இனி இந்த வார்டில் யார் கழுத்திலும் எதுவும் தொங்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சரியான முடிவுதான். அப்பா வருத்தப்படுவார் என்று பயந்தேன், “சரி, குட்டையாக் கட்டறேன், பாக்கெட்டுல மாட்டிக்கோ” என்று அன்றைக்கே கட்டிக் கொடுத்துவிட்டார். ஜன்னலம்மாவுக்கென்று ஒரு பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு, உள்ளங்கை நீளத்துக்குக் கெட்டியான உருண்டைப் பின்னல்களை ஒரு முனையில் பலகையோடு பொருத்தி, மறுமுனையில் ஓட்டைக்குள் கச்சிதமாக உட்காரும் முடிச்சும் வைத்தார். கையில்கூடச் சுற்றிக்கொள்ள முடியாத அளவு குட்டைதான் என்று தலைமை நர்ஸ் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தே உள்ளே விட்டாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே. பலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் இருக்கமுடியாமல் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு இல்லத்துக்கே வந்துவிட்டார். ஜன்னலம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முடிச்சு ஒவ்வொன்றையும் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, “எந்த நம்பர் வேணும்?” என்றார். அப்பா யோசிக்காமல் உன் நம்பரைச் சொன்னார். அவர் ஒரு முடிச்சை எடுத்து ஓட்டையில் செருகி, கொஞ்சம் காத்திருந்து, “கிடைச்சிடுச்சு, பேசுங்க” என்றார். அப்பா விளையாட்டாகக் கையைக் காதில் வைத்து, “பாப்பா, அப்பா பேசறேன், சாப்பிட்டியா” என்றார். நிஜப் போனிலும் அவர் பேசுவது அவ்வளவுதானே. ஜன்னலம்மா விடவில்லை, “தூரத்து லைன், சத்தமாப் பேசுங்க” என்றார். அப்பா தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “டாக்டர் இனிமே பஸ் வேணாம்னுட்டார் பாப்பா. பிரேக் அழுத்தற பலம் இந்தக் காலுக்கு வராதாம். உள்ள அத்தனை பேர் உக்காந்திருக்கற வண்டி, அவர் சொல்றது நியாயந்தான். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. காலையில எழுந்ததும் யூனிஃபார்மைத் தேடித்தான் கை போகுது” என்றார். நான் மாத்திரைத் தட்டோடு அவருக்குப் பின்னாலேயே நிற்கிறேன், அவருக்குத் தெரியாது. தட்டு சத்தம் போடாமலிருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஜன்னலம்மா, “டைம் முடியப்போகுது, நீட்டிக்கணுமா?” என்று கேட்டார். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீட்டுங்கம்மா” என்றார்.

அதற்குமேல் அங்கே நிற்பது சரியில்லை என்று நான் வந்துவிட்டேன், அப்புறம் உன்னிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில், “பாப்பா நல்லாத்தான் இருக்கா” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நானும் ஆமாம் என்றேன். அவராக என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன், கேட்டு வாங்க எனக்கு மனமில்லை. ஆண்கள் வார்டுக்கும் ஏதாவது செய்து கொடுங்கள், மதியங்களில் வந்து போங்கள் என்று தலைமை நர்ஸ் கேட்டிருக்கிறாள், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் புதுக் கயிறு வாங்க நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஒன்று மட்டும் செய், அடுத்த முறை போனை அவர் எடுத்தால், அம்மாகிட்ட குடுங்க என்று உடனே சொல்லாமல், ஏதாவது கேள் அவரிடம். சதுரமும் உருண்டையும் எப்படி வருகிறது என்று கேள், போதும்.

உன் ஆபீசில் அடையாள அட்டையைக் கழுத்தில்தானே மாட்டுகிறீர்கள், அதைப் பிடித்து ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார், கழன்று வராவிட்டால் நாளையே மாற்றச் சொல். அலட்சியமாக இருக்காதே. உன் கையும் உன் நாளும் எப்போதும் நிறைந்திருக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களே அமையட்டும். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து அனுப்புகிறேன், அவருக்குத்தான் இந்தக் கடிதமே தெரியாதே.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா