தொழுவம் முன்னாடியா, அறை முன்னாடியா?

மாமி,

இன்று காலை பின்னறை ஜன்னலைத் திறந்தேன். பச்சைச் சாணத்தின் வாசனை உள்ளே வந்தது. உங்கள் கொல்லையில், உங்கள் தொழுவம் இருந்த அதே கல் தளத்தில், வேறு யாருடைய மாடோ நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. மனுஷர்கள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். மாடு பார்த்தால் என்ன செய்வது? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது. அதனால்தான், போய்ச் சேர விலாசம் இல்லை என்று தெரிந்தும், எழுதுகிறேன்.

உங்களை நினைத்தால் முதலில் குரல்தான் வருகிறது, முகம் அப்புறம்தான். ஸ்ரீவராகம் தெருவில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். விடிகாலையில் நீங்கள் மாட்டோடு பேசுவது எங்கள் சமையலறைக்குக் கேட்கும். "ஏண்டி சாலைக்காரி, காலை மாத்தி வை." சாலைக் கடைத்தெருவில் பிண்ணாக்கு வியாபாரி ஒருவரிடம் வாங்கிய மாடு. கயிறு அவிழ்ந்தால் போதும், நேராகச் சாலைக்கே நடக்கும். தெருவே நின்று சிரிக்கும். "பொறந்தாத்துப் பாசம், என்ன பண்றது?" என்று நீங்களும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடுவீர்கள். மாமா போன பிறகு அந்த மாடுதான் உங்களுக்குச் சோறு போட்டது. தெருவில் பாதி வீட்டுக்குக் காப்பி உங்கள் பாலில்தான். நுரையை ஊதி ஒதுக்கிவிட்டு அளந்து ஊற்றுவீர்கள்.

நம் தெருவில் பெண்கள் அடுத்த வீட்டு ஆண்களிடம் நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். குழந்தை கிடைத்தால் குழந்தை, இல்லாவிட்டால் பூனை. அப்பா நாலடி தள்ளி நின்றிருந்தாலும் நீங்கள் என்னைப் பார்த்துத்தான் சொல்வீர்கள்: "ஏண்டி குட்டி, முருங்கை எங்காத்துப் பக்கம் சாயறதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." அப்பாவும் என்னைப் பார்த்தே பதில் சொல்வார்: "நாளைக்குக் கிளையை வெட்டிடறேன்னு மாமிகிட்ட சொல்லு." இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, நடுவில் நின்றால் போதும். கல்யாணம் ஆகி, வயிற்றுப் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்தபோதும் அந்த உத்தியோகம் எனக்குத்தான்.

அந்தத் தலைப்பிரசவத்துக்காகத்தான் அப்பா வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டினார். அதுவரை அந்த இடத்தில் வாழைதான் நின்றது. வாழையை வெட்டி, உங்கள் தொழுவத்துக்கு எதிரே சுவர் எழுப்பினார்கள். வெயிலில் வேலை செய்த கொத்தனாருக்கு மோர் கொடுத்தது நீங்கள். "குட்டிக்குக் காத்து வரணும், ஜன்னலைப் பெரிசா வைக்கச் சொல்லுங்கோ" என்று அம்மாவிடம் சொன்னதும் நீங்கள். பெரிதாகத்தான் வைத்தார்கள்.

அப்பா நகரக் கமிட்டியில் ஓவர்சியர். குடியிருப்புத் தெருக்களுக்கான பழைய விதிகளைத் திருத்தி எழுதும் வேலை அந்தச் சமயத்தில் அவரிடம் வந்தது. எந்தத் தெருவில் கடை வைக்கலாம், வீட்டுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். ஊரில் காய்ச்சல் வந்து குழந்தைகள் போய்க்கொண்டிருந்த காலம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். அதில் ஒன்று, ஆட்கள் படுக்கிற அறையிலிருந்து இருபதடிக்குள் மாட்டுத் தொழுவம் இருக்கக் கூடாது என்பது. உங்கள் தொழுவம் உங்கள் வீட்டிலிருந்து தள்ளித்தான் இருந்தது. எங்கள் பழைய வீட்டிலிருந்தும் தள்ளித்தான். எனக்காகக் கட்டிய அறையிலிருந்துதான் இருபதடி இல்லை. நகர்த்தலாம் என்றால் உங்கள் கொல்லை குட்டை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உங்கள் படுக்கையறைக்குக் கிட்டே வந்துவிடும். மற்ற வீடுகளுக்கெல்லாம் நீளக் கொல்லை. தெருவிலேயே அந்த விதியில் அகப்பட்டது நீங்கள் ஒருவர்தான்.

குழந்தை பிறந்து, தீட்டுக் கழிந்து, நான் அந்த அறையில் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நீங்கள் பால் டம்ளரோடு வந்தீர்கள். எனக்கும் குழந்தைக்கும் என்று முதல் கறவையை எடுத்து வைப்பீர்கள். அப்பா அறை வாசலில் நின்றிருந்தார்.

"ஏண்டி குட்டி," என்றீர்கள். "உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. என் தொழுத்து முன்னாடியா, இந்த அறை முன்னாடியா?"

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "விதி தூரத்தைத்தான் பாக்கும், முன்னாடி பின்னாடி எல்லாம் பாக்காதுன்னு மாமிகிட்ட சொல்லு. அடுத்தாத்துக்காராங்கறதுக்காக வேற மாதிரி எழுத முடியுமோ?"

"அது சரி. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரலையே, குட்டி."

அப்பா போய்விட்டார். நீங்கள் டம்ளரைக் கம்பி வழியாக நீட்டினீர்கள். "ஆறிப் போறதுக்குள்ள குடி" என்றீர்கள். குடித்தேன்.

சாலைக்காரியைப் பழைய பிண்ணாக்கு வியாபாரியே வந்து ஓட்டிக்கொண்டு போனார். அது தானாகவே சாலைப் பக்கம் திரும்பி நடந்தது. அன்று தெருவில் யாரும் சிரிக்கவில்லை. மாடு போனதும் நீங்கள் தென்காசிக்கு, தம்பி வீட்டுச் சமையலுக்குப் போனீர்கள். சொந்த வீட்டில் பத்துப் பேருக்குப் பால் ஊற்றியவர், அங்கே தம்பி மனைவியிடம் காப்பிக்குக் காத்திருந்தீர்களாம். பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு நீங்கள் போய்விட்டதாகக் கார்டு வந்தது. அப்பா வாசித்துவிட்டுத் தலைக்குக் குளித்தார். அறையைக் கட்டும்போதே இந்த விதி அவர் மனசில் இருந்ததா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, மாமி. அப்பாவும் இப்போது இல்லை. அவர் இருந்தபோது கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ஒரே பெண் என்பதால் வீடு எனக்கு வந்தது, அந்த அறையும்தான். வீட்டிலேயே காற்றோட்டமான அறை அதுதான். கோடைக்கெல்லாம் அங்கேதான் படுக்கை. சுகமாகத் தூங்கியிருக்கிறேன், அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

யுத்தம் வந்து பாலுக்கு ஊர் திண்டாடுகிறது. கமிட்டி அந்த விதிகளை மறுபடி திருத்தியிருக்கிறது. தொழுவம் முதலில் இருந்து, அறை பிறகு வந்திருந்தால், தொழுவம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட அதே கேள்விதான். அது விதியாக இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் மாடு வைக்க மனுக் கொடுத்தார்கள். போன வாரம் கமிட்டி ஆபீசிலிருந்து ஒரு பையன் நாடாவோடு அளக்க வந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவன் என் கணவரிடம் மலையாளத்தில் கேட்டான்: "சாரே, ஒரு காரியம் மட்டும் பறயணும். தொழுத்து ஆத்யமா, இந்த முறி ஆத்யமா?"

"அறைதான் பழசு" என்றார் இவர். அவர் இந்த வீட்டோடு வந்தபோது உங்கள் மாடு இல்லை, அதற்கு முன் மாப்பிள்ளையாக வந்து போனவர் கொல்லைப் பக்கம் பார்த்ததில்லை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. "அடுத்த மாசம் பொண்ணு பிரசவத்துக்கு வரா. ஜன்னலுக்கு நேரே மாட்டைக் கட்டினா எப்படி?" என்றார். அந்தப் பெண், அந்த அறையில் உங்கள் பாலைக் குடித்து வளர்ந்தவள்தான்.

நான் வெளியே வந்தேன். முன்பின் தெரியாத ஆணிடம் நேராகப் பேசினேன். "தொழுத்துதான் முன்னாடி. அறை அப்புறம் கட்டினது. எனக்காகக் கட்டினது."

பையன் எழுதிக்கொண்டான். அவன் போனதும், "நடுவிலே நீ எதுக்குப் பேசறே?" என்று இவர் கோபித்துக்கொண்டார்.

சொன்னதால் மனசு லேசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மாடு யாருக்கோ வந்தது, உங்களுக்கு வரவில்லை. அன்று அது அப்பாவுக்கான கேள்வி என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் நீங்கள் பார்த்தது என்னை, கூப்பிட்டதும் என்னை. வாழையை வெட்டியதையும் சுவர் எழும்பியதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எனக்குப் பதில் தெரியும். பாலைக் குடித்து முடித்தேன். நீங்கள் கையைக் கம்பிக்குள் நீட்டியபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் டம்ளரை மட்டும் கொடுத்தேன்.