மூன்றாம் முறை எடுத்த ரத்தம்

செங்கம் சாலையில் ஐஸ்கிரீம் விற்பவன் மரத்தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, அதன்மேல் கல் உப்பைக் கைநிறைய அள்ளி வீசிக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் இறந்த செய்தி அன்று காலைதான் பேப்பரில் வந்திருந்தது. உள்பக்கத்தில், நான்கே வரி. வைரஸ் ஆராய்ச்சியில் முன்னோடிப் பெண்மணி என்று போட்டிருந்தார்கள். முன்னோடி என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வழக்கமாக வரும் எரிச்சல் வந்தது. அதை மறைத்து எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.

மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலில் நான் முதல், நீங்கள் இரண்டாவது. வெளிநாட்டில் வைரஸ் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் வந்தபோது உங்களை அனுப்பினார்கள். பெரிய இடத்துச் சிபாரிசு என்று விடுதியில் சொல்லித் திரிந்தவன் நான்தான். உங்கள் அப்பா ரயில்வேயில் சாதாரணக் குமாஸ்தா என்பது தெரிந்தேதான் சொன்னேன். பேராசிரியர் ஒருமுறை வகுப்பில் உங்களைப் பார்த்து, "பொம்பளைக்குப் பிரசவ வார்டு போதாதாம்மா? உனக்கு எதுக்கு வைரஸு?" என்று கேட்டார். "அங்க ஏற்கெனவே கூட்டம் ஜாஸ்தி சார்" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று பிறகு வருந்தினேன்.

திரும்பி வந்ததும் சென்னையில் எலிகள் வளர்க்கும் கொட்டகையை ஒட்டிய அறையைத்தான் உங்களுக்குக் கொடுத்தார்கள். நாற்றம் தாங்காமல் உதவியாளர்கள் ஓடினார்கள். பிறந்து இரண்டு நாளான எலிக்குஞ்சுகளுக்கு நீங்களே ஊசி போட்டீர்கள், கூண்டையும் நீங்களே கழுவினீர்கள். அந்த அறையிலிருந்துதான் உங்கள் பெயர் வெளியே வந்தது. நான் அதற்குள் திருவண்ணாமலையில் சுகாதார அதிகாரி. அம்மை, காலரா, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசியில், ஊருக்கு மேற்கே ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்தது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் என்று எனக்குச் சந்தேகம். மேலதிகாரியோ, ஆய்வகச் சான்று இல்லாமல் கொசு மருந்தடிக்க ஆட்களை அனுப்ப முடியாது என்றார். வேறு வழியில்லாமல் உங்களுக்கு எழுதினேன். மறுநாளே ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் குந்தி, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கொசு பிடித்த உங்களைப் பார்க்க ஊரே கூடியது.

சான்றுக்கு இரண்டு ரத்தம் வேண்டும். காய்ச்சலின்போது ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. நோயோடு போராட உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரண்டாவதில் ஏறியிருந்தால்தான் நோய் அதுதான் என்று சொல்லலாம். இறந்த பிள்ளைகளிடம் இரண்டாவது ரத்தத்துக்கு எங்கே போவது? பிழைத்தவள் செல்வி ஒருத்திதான். ஆறு வயது. முதல் ரத்தத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போனீர்கள். இரண்டாவதை எடுத்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள்.

அவள் அம்மா கன்னியம்மா, "நாளைக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன் சார். எடுக்கிறதுன்னா இன்னிக்கே எடுத்துக்குங்க" என்றாள். அன்று கார்த்திகை தீபம். எடுத்தேன். அந்த ரத்தம் சில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். பனிக்கட்டியாகிவிடக் கூடாது. ஆனால் சென்னைக்குப் போகும் வழி திருவண்ணாமலைக்குள்ளே போகிறது, அங்கேயோ ஜனக்கடல். செங்கம் சாலையிலேயே ஜீப் நின்றுவிட்டது. நாலு மணி நேரம். பெட்டிக்குள் ஐஸ் பாதியாகிவிட்டது. அங்கே ஐஸ் கிடைக்கவில்லை. மளிகைக் கடை ஒன்று திறந்திருந்தது. இருக்கிற ஐஸில் உப்பைப் போட்டால் குளிர் கூடும் என்று என் படிப்பு சொன்னது. கல் உப்பை வாங்கி வந்து பெட்டிக்குள் கொட்டினேன்.

டிரைவர் முனுசாமி தலையைச் சொறிந்தார். "சார், இது ரத்தம் சார். ஐஸ்கிரீம் இல்ல."

"வண்டிய மட்டும் ஓட்டுய்யா" என்றேன்.

மறுநாள் காலை உங்கள் மேஜையில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். குழாயின் மேல்பக்கம் தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். அடியோடு சிவப்பாக இருந்தது. ரத்தம் பனிக்கட்டியாகி, அணுக்கள் வெடித்து, எதற்கும் உதவாத சிவப்புத் தண்ணீர். பெட்டியின் ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள்.

"உப்பு யார் போட்டது?"

"டிரைவர்" என்றேன். யோசிக்கவேயில்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். "நீங்களா முனுசாமி?"

"சார் சொன்னா சரிதாம்மா" என்றார் அவர்.

குழாயை எடுத்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "யாருன்னு எனக்குத் தெரியவேண்டாம் டாக்டர். அந்தம்மாவுக்குத் தெரியணும். மூணாவது தடவை நீங்கதான் கேக்கணும். நான் கூட வரேன், வாயத் திறக்க மாட்டேன்."

கன்னியம்மா ஊர் திரும்பும்வரை பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். இருவரையும் எங்கோ சொந்தக்காரர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பத்து நாளும் உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டிருந்தால் அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பாள். என்னைக் கூனிக் குறுக வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்றே நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பு முழுதாகப் போய்விடவில்லை.

மாரியம்மன் கோயில் எதிரில் ஊர் கூடி நின்றது. கன்னியம்மா மகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இன்னா சார், தபா தபா வந்து குத்திக்கினே இருந்தா கொழந்த உடம்புல ரத்தம் இருக்குமா? போன தபா எடுத்தது எங்க?"

உங்களைத் திரும்பிப் பார்த்தேன். சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்.

"கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

"யாரு கெடுத்தது?"

ஜீப்பின் பக்கத்தில் முனுசாமி நின்றிருந்தார். மறுபடியும் அவர்மேல் பழியைப் போட ஒரு வார்த்தை போதும். "நான்தான். உப்பு போட்டுட்டேன். டிரைவர் வேணாம்னு சொன்னார், கேக்கல."

கூட்டத்தில் யாரோ, "ஊறுகாயா போடப் பாத்தாரு போல" என்றான். சிரித்தார்கள். மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஊர் சிரித்தது. கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ மொதல்ல உங்க கையில குத்தச் சொல்லுங்க. எம்பொண்ணு பாக்கட்டும். அப்புறம் தரேன்."

நீங்கள் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தீர்கள். நான் சட்டைக் கையை மடித்தேன். நரம்பு அகப்படாமல் இரண்டு முறை குத்தினீர்கள். வேண்டுமென்றேதான் என்று அன்று நினைத்தேன். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே கையை நீட்டினாள்.

இந்த முறை முனுசாமி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வண்டியை நான் ஓட்டினேன்.

முடிவு உங்கள் கையெழுத்தில் வந்தது. செல்வியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பல மடங்கு ஏறியிருக்கிறது, மூளைக்காய்ச்சலேதான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாரமே மருந்தடிக்கும் ஆட்கள் வந்தார்கள். அதன்பிறகு அந்த ஊரில் பிள்ளை சாகவில்லை. உங்கள் கட்டுரை வெளிவந்தபோது முதல் வரியில் உங்கள் பெயர். என் பெயர் கடைசியில், பொடி எழுத்தில், நன்றி சொல்லும் இடத்தில். அதிலும் எனக்கு முன்னால் 'சிறுமியின் தாய்க்கு' என்று இருந்தது. அதற்காக அன்றிலிருந்து உங்களுக்கு நான் கடிதமே எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய பொங்கல் வாழ்த்துகளுக்கும் பதில் போடவில்லை. இதோ இப்போதுதான் எழுதுகிறேன், படிக்க நீங்கள் இல்லாதபோது.

அந்த முடிவுக் கடிதத்தின் அடியில் இன்னும் மூன்று வரி இருந்தது. யாரிடமும் நான் அதைக் காட்டியதில்லை. "ஊர் பார்க்க எடுத்த உங்கள் ரத்தத்தைக் கொட்ட மனம் வரவில்லை. அதையும் சோதித்தேன், அதிலும் எதிர்ப்பொருள் இருக்கிறது. இதே வைரஸ் உங்களுக்கும் என்றோ வந்து போயிருக்கிறது. பலருக்கும் இப்படித்தான், தெரியாமலே போய்விடும்."

என்னைக் கேட்காமல் எப்படிச் சோதிக்கலாம் என்று அன்று கொதித்தேன். கொதிப்பு அடங்கியபின் அந்த வரிகள் மட்டும் மிஞ்சின. எந்த வயதில் வந்தது, எந்த வயல்வரப்பில் எந்தக் கொசு கடித்தது, எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு தலைவலிகூட நினைவில் இல்லை. மூன்று பிள்ளைகளைக் கொன்றது என்னைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கிறது. செல்வி இன்றும் வலது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள்.

எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று ஐம்பது வயதுவரை சொல்லித் திரிந்தவன் நான். அப்படிச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இப்போது முழங்கையின் உள்பக்கம் கை போகிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது, கேட்காமலே எனக்குக் கிடைத்து, இந்த ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.