வலி என்றுதான் சொன்னாள்

மார்ச் 15, சனி

வெயில், காற்று, வாயெல்லாம் தூசி. டார்னெய்ட் மைதானத்தில் புல்லைவிட வெடிப்புதான் அதிகம். செமி ஃபைனல் ஜெயித்தாயிற்று!

நான் எட்டு ஓவர், ஒரு விக்கெட், வீங்கிய முட்டி. ரூபன் ஆறு விக்கெட். மன்னார்க்காரன், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், ஓடி வந்தால் பேட்ஸ்மேன் தன்னால் பின்வாங்குகிறான். பேட்டிங்கில் அவன் தோளில் பலமான அடி. ஐஸ் வைத்தேன். "ஒண்டும் இல்லை அண்ணை, விடுங்கோ."

வரும் சனி ஃபைனல். நான் கேப்டனான பிறகு இதுதான் முதல்.

மாலா: "நாப்பத்தோரு வயசுல முட்டிக்கு ஐஸ் வச்சுக்கிட்டு இளிக்கிற டாக்டரை இன்னைக்குத்தான் பாக்குறேன்." பெண்டாட்டி வாயிலிருந்து பாராட்டு என்றால் இவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

கிளினிக். காய்ச்சல், காதுவலி, சர்க்கரை, மறுபடி சர்க்கரை. இடையில் துண்டுக் காகிதத்தில் ஃபீல்டிங் வரைந்துகொண்டிருந்தேன். ரூபனுக்கு மூன்று ஸ்லிப் வைக்கலாம். மாத்திரை போட மறந்த ஒரு வயதான அம்மாவிடம் பாதி கவனம்தான் இருந்தது. தப்பு.

கல்லூரி நாளில் விக்டோரியா மாநில அணித் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே நாள் அனாடமி பரீட்சை. பரீட்சைக்குப் போனேன். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இன்னும் அந்த ஆட்டம் முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மேகம், மழை இல்லை. காலையில் ரூபன் மனைவி ஷாமினி போன்.

"அண்ணா, இரவு அவருக்கு வலி வந்தது."

"ரொம்பவா?"

"ஓம். பயந்திட்டன். பிறகு களைச்சுப்போய் நித்திரை. இப்ப எழும்பி வேலைக்கு வெளிக்கிடுறார்."

"அடி பட்டா அப்படித்தான்மா. பனடோல் மாத்திரை குடு."

"பனடோலோ? அது காணுமோ?"

"தாராளமா."

'காணுமோ' என்றால் 'போதுமா'. குசினி என்றால் சமையலறை, கதிரை என்றால் நாற்காலி, எல்லாம் எனக்கு அத்துப்படி. கிளினிக்கில் மற்ற இந்திய டாக்டர்கள் முழிக்கும்போது நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

தோள் சனிக்கிழமைக்குள் சரியாகிவிட வேண்டும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். மாலாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

பயிற்சி. ரூபன் தீயாய்ப் போடுகிறான். தோளைத் தொட்டுப் பார்த்தேன், முழுசாக அசைகிறது. ராத்திரி பயப்படும்படி வலித்த தோளா இது? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நன்றாகப் போடுகிறவனைக் கேள்வி கேட்டுக் கெடுப்பானேன்.

வெள்ளைச் சட்டையை இரண்டாம் தடவை இஸ்திரி போட்டேன். இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 20, வியாழன்



மதியம் ஓர் அங்கிள், யாழ்ப்பாணம். இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர். பேச்சுவாக்கில், "மகனுக்கு வலி டொக்டர், சின்னனிலயிருந்து."

"எங்க அங்கிள் வலி? கையிலயா, கால்லயா?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கை, கால் எல்லாம்தான். இழுத்து, வாயில நுரை தள்ளும். வலி எண்டு சொல்லுறன்."

"அப்போ வலிச்சா என்னன்னு சொல்வீங்க?"

"நோகுது எண்டுவம்."

நோகுது. அதுவும் எனக்குத் தெரிந்த சொல்தான். ஷாமினி ஒரு தடவைகூட 'நோகுது' என்று சொல்லவில்லை. ரூபனுக்கு வந்தது வலிப்பு. நான் பனடோல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாக அவன் வெஸ்ட் கேட் பாலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அங்கிளை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். போன்.

"ரூபன், எங்க இருக்க?"

"போர்ட்டில அண்ணை. லோட் ஏத்துறாங்கள்."

"சாவியைக் குடுத்துட்டு எறங்கு. ஓட்டாத. ஷாமினி வந்து கூட்டிட்டுப் போவா."

"ஏன்?"

"திங்கக்கிழமை ராத்திரி."

"அவள் சொல்லிட்டாளோ."

ஆமாம், அவள் சொன்னாள். எனக்குத்தான் தோள் வலியாகக் கேட்டது. டாக்டர் கேட்டிருந்தால் 'எப்படிப்பட்ட வலி' என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். கேட்டது கேப்டன்.

மார்ச் 21, வெள்ளி

ரூபன் வீடு. நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், லாரி கம்பெனிக்கும் சொல்லியாயிற்று. சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம். குளிசையை, அதாவது வலிப்பு மாத்திரையை, தானே நிறுத்தியிருக்கிறான்.

"அதைப் போட்டா கண் கிறங்குது அண்ணை. பந்து லேட்டாத்தான் கையை விட்டுப் போகுது. பைனல் முடியட்டும் எண்டு நிப்பாட்டினனான்."

ஷாமினி குசினி வாசலில் நின்று அழுதாள். "நான் பனடோல் குடுத்தன் அண்ணா. டொக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு." மன்னிப்புக் கேட்டேன்.

ரூபன் விடவில்லை. "நாளைக்கு மட்டும் அண்ணை. லொறி வேலை போயிட்டுது. இந்த மேட்ச் ஒண்டாவது தாங்கோ. திங்கள் நீங்கள் சொல்லுற இடமெல்லாம் வாறன்."

ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே யோசித்தேன். ஆடாத ஓர் ஆட்டம் இத்தனை வருடமாக என்னைக் குடைகிறது. அதே மாதிரி ஒன்றை இவன் தலையிலும் கட்டப்போகிறேன்.

"இல்லை, ரூபன்."

டீ குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 22, சனி

இதமான வெயில், காற்றே இல்லை. வேகப்பந்துக்கு இப்படி ஒரு நாள் இனி வராது.

தோற்றோம். ஒரு விக்கெட் மிச்சம் வைத்து அடித்துவிட்டார்கள். ரூபன் இடத்தில் வந்த பையனை விளாசினார்கள், பாவம். என் முட்டியும் கைவிட்டது.

ரூபன் வந்திருந்தான். நாள் முழுக்க எல்லைக்கோட்டருகே மடக்குக் கதிரையில், ஷூ உட்பட வெள்ளை உடுப்பு. எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தான்.

"இண்டைக்கு எனக்கு ஒண்டும் வரேல்லை அண்ணை."

"தெரியும்."

"விளையாடியிருக்கலாம்."

பதில் இருந்தது, படித்த பதில். அதை விட்டுவிட்டு "ஆமா" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு கார் பக்கம் நடந்தான். பழக்கத்தில் டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். சாவியோடு ஷாமினி பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றான். பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான்.