அத்தான், இந்த வருடம் உங்களைக் காப்பாற்றப் பார்த்தோம்

என் அருமை அத்தானுக்கு,

நம் ஈஸ்டர் நாடகம் போன ஞாயிறு போபோடி தமிழ்ச் சபைக் கூடத்தில் நடந்தது. உங்கள் தளபதி வேஷத்தை உங்கள் மகள் ஜென்சி போட்டாள். எதிரி ராஜா வழக்கம்போல நான்தான். மீசை மட்டும் புதிது.

நாடகத்தில், நண்பனைத் துரோகி என்று பொய் சொன்னால் தளபதிக்கு உயிர்ப்பிச்சை. சொல்லாவிட்டால் என் வாள். வருடா வருடம் நீங்கள் சொல்ல மறுத்து, விழுந்து, எழுந்து, வசனம் பேசி, மறுபடி விழுந்து சாவதற்குள் எல்லோருக்கும் டீ ஆறிப்போகும். மேடைக்கு வெளியிலும் அப்படித்தானே இருந்தீர்கள்? கம்பெனியில் யாரோ செய்த தப்பை உங்களோடு வேலை செய்தவன் தலையில் கட்டச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, வேலையை விட்டு, சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தீர்கள். அன்று அக்கா உங்களைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த அக்காதான் ஒத்திகை நடக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏல, இந்த ஒரு வருசமாவது அந்த மனுசன் பொழைக்கட்டுமே." எந்த மனுசனைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவருமே அழுதிருப்போம். தளபதி பொய் சொல்லிப் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றி எழுதினேன்.

ஜென்சிக்குப் பிடிக்கவில்லை. "மாமா, அப்பா வாலா டயலாக்கையே மாத்திட்டீங்களா?" என்று பாதி இந்தியில் முறைத்தாள். அம்மாவுக்காக என்றதும் ஒத்துக்கொண்டாள். தமிழ் பேசுவாள்; மராத்தி ஊரில் வளர்ந்தவள், தமிழ் எழுத்துப் படிக்க வராது. அதனால் புது வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். அந்த எழுத்தில் பொய்யும் போயும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை!

மேடையில் வாளை ஓங்கினேன். மனப்பாடம் ஆகாததால், கையில் ஒளித்திருந்த தாளைப் பார்த்து ஜென்சி முழங்கினாள்:

"பிழைப்பதற்காகப் போய் சொல்கிறேன்!"

ராஜா என்பதே மறந்துவிட்டது எனக்கு. "எங்கட்டி போற?" என்று கேட்டுவிட்டேன்.

கூடமே அதிர்ந்தது, அத்தான். அக்காவும் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியது. ஜென்சி மறுபடி தாளைப் பார்த்தாள். சரியாகப் படித்தால் தளபதி பிழைத்துவிடுவான். அதற்குள் முதல் வரிசையில் அக்கா எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, உங்கப்பா சொல்ல மாட்டாவ. நீயும் சொல்லாத!"

ஜென்சி என்னைப் பார்த்தாள். தாளைக் கசக்கி என் காலடியில் எறிந்தாள். உங்கள் பழைய வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சின்ன வயதிலிருந்து கேட்டது அல்லவா? நான் வாளை வீசினேன். உங்களைவிடச் சீக்கிரமாகவே செத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நான்தான், "கோவமாக்கா?" என்றேன்.

"பொழைச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள். "ஆனா அது உங்க அத்தானா இருந்திருக்காதுல."

அங்கே இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்கிறீர்களோ? தட்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

அடுத்த ஈஸ்டருக்கும் உங்களைக் கொல்வேன், அத்தான். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல். இது சத்தியம்.

உங்கள் எதிரி ராஜா,
உங்களுக்கு இருக்கும் ஒரே மச்சினன்