என் முதுகில் இருக்கும் தையல் மெஷின்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் போனில் கேட்டால் "ம்" என்பதைத் தாண்டி நீ ஒன்றும் சொல்வதில்லை. பச்சை குத்துகிற பேச்சை எடுத்தாலோ உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. பாதியில் துண்டிக்கவும் முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் வீட்டு விஷயம். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நிறுத்தியது உன் அக்கா, பெருமை அடித்துக்கொண்டது நான். நீ டாட்டூ போட்டுக்கொண்டிருந்த முன்னறையை வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் உன் அக்கா சுவரில் ஈரம், கதவு சாத்தாது, எலி படுத்தும் என்று இல்லாத குறையெல்லாம் சொல்லித் துரத்திவிட்டாள். எலிக்குப் பயந்து அல்ல, உன் அக்காவின் முகத்துக்குப் பயந்துதான் அவர்கள் போனார்கள். உன் டாட்டூ மெஷினை மட்டும் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். நான் தொட்டால் கத்துகிறாள்.

இனி என் உடம்பு. அதாவது உடம்பில் காலியாக இருக்கும் இடங்கள். வலது கெண்டைக்காலுக்கு ஒரு தீக்கோழி யோசித்திருக்கிறேன். நீளக் கழுத்து, நீளக் கால், காலுக்கு வாகான உருப்படி. என் வழக்கம் உனக்குத் தெரியுமே. எந்தப் படமானாலும் காகிதத்தில் வெட்டி ஒட்டிக்கொண்டு சில நாள் நடமாடிப் பார்த்த பிறகுதான் ஊசி. தப்பாக வெட்டினால் வேறு துணி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது இந்த ஒரு தோல்தான். தீக்கோழியை ஒட்டிக்கொண்டு அரைக்கால் சட்டையோடு பஸ்ஸில் போனேன். வியர்வையில் பசை விட்டுப்போய் அது கீழே விழுந்தது. பின்னால் நின்ற அம்மா அதை எடுத்து, "சார், உங்க கோழி விழுந்துடுச்சு" என்று கொடுத்தார். தீக்கோழி என்று திருத்தினேன். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

இடது கை நிரம்பிவிட்டது. நீ முதன்முதலில் போட்ட கத்தரிக்கோல், இரண்டு கரண்டிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது போல இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே குடை, நத்தை, ஆவி பறக்கும் கெட்டில். அந்த ஆவியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள். கரண்டியிலிருந்து அந்த ஆவிவரை உன் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு என் இடது கையே சாட்சி. வலது கையை நான் சும்மா காலியாக விட்டு வைக்கவில்லை. உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். முதுகுக்கு வருகிறேன்.

மச்சான், நீ என் முதுகில் போட்ட அந்தத் தையல் மெஷின் இடம் வலம் மாறிப்போனதில் பாதிப் பங்கு கண்ணாடிக்குத்தான். படம் வரைந்த கார்பன் தாளை நீ புரட்டி வைத்து ஒற்றிவிட்டாய். பிறகு என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, சரியாக இருக்கிறதா என்று கேட்டாய். நான் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் சக்கரம் வலப்பக்கம், ஊசி இடப்பக்கம், நான் தினமும் உட்காரும் மெஷின் போலவே இருந்தது. பிரமாதம் என்றேன். நீயும் பக்கத்தில் நின்று கண்ணாடியிலேயே பார்த்தாய். நேராகப் பார்த்தால் எல்லாம் இடம் மாறியிருக்கும் என்பது நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. காயம் ஆறும்வரை தினமும் மருந்து தடவிய உன் அக்காவுக்கும் தெரியவில்லை. அவள் இந்த வீட்டில் ஒரு பட்டன் தைத்த வரலாறு கிடையாது, அவளைச் சொல்லி என்ன?

எங்கள் தையல் கடையில் மின்விசிறி நின்றுபோன அன்றைக்கு, காற்றுக்கென்று சொல்லிக்கொண்டு உண்மையில் காட்டிக்கொள்ளத்தான் சட்டையைக் கழற்றினேன். கட்டிங் மாஸ்டர் டேப்பைக் கீழே போட்டுவிட்டு, "ஏம்ப்பா, சக்கரம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒரு காலர்கூடத் தைக்கவில்லை. இஸ்திரி போடுகிறவர் போனில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். அடுத்த வாரம் உன்னிடம் பறவை குத்திக்கொள்ள இருந்தவர், அது பின்பக்கமாகப் பறந்துவிடுமோ என்று பயந்து வராமலே போனார். அவரைப் போலவே ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். நீயும் பையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய், கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாய்.

அங்கே போன புதிதில் அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாயாம், ஊசியை நினைத்தாலே கை நடுங்குகிறது என்று. அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். கடைத்தெரு முனையில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு டாட்டூ கடை வந்திருக்கிறது. நடத்துகிறவர் தூங்கும்போதும் கருப்புக் கையுறையைக் கழற்ற மாட்டார் போலிருக்கிறது. என் முதுகைக் காட்டினேன். மேலே பெரிதாக ஒரு கறுப்புக் காளையைப் போட்டால் மெஷின் இருந்த இடமே தெரியாது என்கிறார். ஒருவர் போட்ட படத்தின் மேல் அவரைக் கேட்காமல் இன்னொருவர் ஊசி வைப்பது உங்கள் தொழிலில் மரியாதை இல்லை என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆகவே கேட்கிறேன். மூடட்டுமா, வேண்டாமா? உனக்குக் கோபம் வந்தால் கோபமாகவே எழுது. நன்றாகத் திட்டு. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகச் சட்டையைக் கழற்றாமல் இருக்கும்
மாமா

* * *

அன்புள்ள மச்சானுக்கு,

உன் பதில் போனில் வந்து சேர்ந்தது. "உங்க இஷ்டம் மாமா. நல்லா மூடிக்கோங்க." அவ்வளவு நீளக் கடிதத்துக்கு இந்த ஒரு வரிதானா? நீ கத்துவாய், என் படத்தைத் தொடாதே என்பாய் என்று எதிர்பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வரியை உன் அக்காவிடம் காட்டினேன். அதுவரை காளை விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. என் ஒவ்வொரு டாட்டூவுக்கும் ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் ஆயிற்றே, ஒன்று மறைகிறது என்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, "சிரிக்க வேண்டியவங்க எல்லாரும் சிரிச்சாச்சு. இனிமே யாருக்காக மூடுறீங்க? மருந்து தடவினது நானு. அந்த முதுகுல எனக்கும் பங்கு இருக்கு" என்றாள். ஒரு முதுகுக்குப் பங்காளிச் சண்டை நடந்தது என் வீட்டில்தான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனாலும் போனேன். பிடிவாதம் என்று நினைக்காதே. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்பதற்காகவும் இல்லை, அது பழகிப்போய்விட்டது. அந்தத் தப்பு கண்ணில் படாமல் போனால் உனக்கும் அது மறந்துபோய் நீ திரும்பி வருவாய் என்று ஒரு கணக்குப் போட்டேன். இப்போது எழுதும்போது அசட்டுத்தனமாக இருக்கிறது. அன்றைக்குப் பெரிய யோசனை போலத்தான் இருந்தது.

கருப்புக் கையுறைக்காரர் காளையை முதுகில் ஒற்றிவிட்டு, கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். எனக்கு இரண்டு கண்ணாடி வேண்டும் என்றேன். பிறகு அவரை நேராகப் பார்க்கச் சொன்னேன். பிறகு போனில் படம் எடுக்கச் சொன்னேன். காளைக்கு வலமென்ன இடமென்ன என்று அவர் சலித்துக்கொண்டார். பட்டவனுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தேன்.

அப்போதுதான் ஒரு அம்மா உள்ளே வந்தார். திரைச்சீலைக் கடையில் தைக்கிறவராம், தோளில் ஏதாவது சின்னதாகப் போட்டுக்கொள்ள விலை விசாரிக்க வந்தவர். ஒற்றிய காளையின் கோடுகளுக்கு அடியில் உன் மெஷின் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு, "ஐயையோ, அத மூடாதீங்க!" என்று கத்திய கத்தலில் கையுறைக்காரர் ஊசியோடு இரண்டடி பின்னால் போனார். நல்லவேளை, ஊசி இன்னும் என் மேல் படவில்லை.

விஷயம் என்னவென்றால் அந்த அம்மா இடது கைக்காரர். தொழில் கற்றுக்கொண்ட நாள் முதலாக வலது பக்கச் சக்கரத்தோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார். எத்தனையோ பேரிடம் தனக்கு ஏற்ற மாதிரி மெஷின் கிடைக்காதா என்று கேட்டு அலைந்திருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். "வாழ்க்கையில முதல் தடவையா எனக்குன்னு ஒரு மெஷினப் பாக்கறேன். அதுவும் உங்க முதுகுல" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குப்புறப் படுத்திருப்பவன் கழுத்தைத் திருப்பி ஆறுதல் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

பிறகு, இப்படி யோசித்துப் போட்டவர் யார் என்று கேட்டார். என் மச்சான் என்றேன். இடது கைக்காரர்களின் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றார். அவன் கொஞ்சம் ஆழமான ஆள் என்று சொல்லி வைத்தேன். பிறகு தனியாகப் பார்த்து உண்மையையும் சொல்லிவிட்டேன், மனம் கேட்கவில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அப்படியானால் இன்னும் நல்லது, எனக்கும் அதே தப்பைப் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்கிறார்.

கையுறைக்காரர் நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா மசியவில்லை, போட்ட கைதான் வேண்டுமாம். கையுறைக்காரரும் நல்ல மனிதர்தான், கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கை இழுத்து வைத்து என் முதுகை நெடுநேரம் பார்த்தார். ஊசி, நூல், மிதிக்கட்டை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்துகொண்டே போனார். "கோடு ஒண்ணுகூட ஆடல. இத மூட எனக்கே மனசு வரல" என்று சொல்லிவிட்டு, காளையைத் தானே பஞ்சால் துடைத்து எடுத்தார். தொழில்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், மாமா அப்படித்தான் சொல்வார் என்பாய். ஆகவே இதை மட்டும் இரண்டு தடவை படி.

இப்போது அந்த அம்மா எங்கள் கடைக்கு வந்து, உங்கள் மச்சான் எப்போது வருகிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாஸ்டரும் கேலியை விட்டுவிட்டு, வந்தால் நானும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று என் காதில் மட்டும் கேட்டார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்த அம்மாவுக்குப் போடும்போது கண்ணாடியை நம்பி, தப்பித்தவறி மெஷினைச் சரியாகப் போட்டுவிட்டாயானால் நம் இரண்டு பேரையும் உதைப்பார்.

இதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னேன். உன் அக்கா சிரிக்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், டாட்டூ போட எந்த இடத்தில் வலி குறைவு என்று கேட்டாள். யாருக்கு என்றேன். எனக்குத்தான் என்றாள். மச்சான், ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் ஊசி போட்டால்கூட இவள் வெளியே போய் நிற்கிறவள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லுங்க, வந்ததும் மொதல்ல எனக்குத்தான் போடணும். அவன் கை நடுங்குனா நடுங்கட்டும், குத்தறது அக்கா கையிலதானே. கோணலா வந்தாலும் அழகா வந்தாலும் அது என் தம்பி போட்டது" என்றாள். இதைச் சொல்லும்போதே பயத்தில் அவளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

என்ன படம் வேண்டும் என்று கேட்டதற்கு, அதெல்லாம் தெரியாது, அவன் வந்து உட்கார்ந்து எதையாவது போடட்டும் என்கிறாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும் மச்சான். உன் கை நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட்டைப் பார். உன் அக்காவின் தைரியம் எத்தனை நாள் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அது இறங்குவதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா