முப்பது பாகை சாய்ந்த எஞ்சின்

அன்பு மகளுக்கு,

ஞாயிறு திருப்பலிப் பூசைக்கு வரும் வழியில், லண்டன் ஸ்ட்ரெதம் மேட்டில் உன்னுடைய 1964 பிளிமத் வாலியன்ற் கார் என் பஸ்ஸை முந்திச் சென்றது. எஞ்சின் சிறிதும் திணறவில்லை.

கோயில் முற்றத்தில் சுவாமியார் காரை ஆசீர்வதித்தபோது நான் பின்னால் நின்றேன். எஞ்சின் மூடியான பானெற்றுக்குள் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில், முப்பது பாகை சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வினால்தான் பானெற் தாழ்வாக இருக்கிறது. காற்றுக் குழாய்கள் நீண்டு செல்லவும் இடம் கிடைக்கிறது. அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு எட்டுச் சிலிண்டர் வி-எட்டு எஞ்சின் பூட்டும்படி நான் சொன்னதை நீ கேட்காதது நல்லதாயிற்று. இவ்வளவு சுத்தமான வேலையை நான் கண்டதில்லை.

பக்கத்தில் நின்ற பஸ்தியாம்பிள்ளை அண்ணை என்னை விடவில்லை.

"மகள் இப்பிடிக் கார் ஓடுறா, நீர் பஸ்ஸிலயோ வந்தனீர்?"

"ஓம். என்னை ஏறச் சொல்லேல்லை."

"கலியாணத்துக்கே வரமாட்டனெண்டு நிக்கிற ஆளை எப்பிடியப்பா ஏறச் சொல்லுறது?"



தகப்பன் உன்னோடு வராவிட்டால் திருமணத்தன்று நீயே கோயிலுக்குக் காரை ஓட்டிச் செல்வாய் என்று உன் அம்மா சொன்னாள். மணப்பெண் கார் ஓட்டக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலும் இல்லை, வீதிச் சட்டத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே நீயே ஓட்டு.

அக்காலத்துக் கார்களுக்கு சீற் பெல்ற் கட்டாயமில்லை என்பதும் தெரியும். ஆயினும் பெல்ற் இல்லாத காரில் நான் ஏறுவதில்லை. உன் பக்கத்து இருக்கைக்கு ஒன்று பூட்டும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

என்றும் உன்
அப்பா