பதினைந்து சதவீத ஈரம்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

இங்கே நலம். உன் அக்காவுக்குக் கால் கட்டைப் பிரித்துவிட்டார்களா? அவர் எழுந்து நடந்தால் அதிகம் சந்தோஷப்படப் போகிறவன் நான்தான். காரணம் கடைசியில்.

ஆலையில் ஒரு கூத்து. தாது எடுத்தபின் மிஞ்சும் சுரங்கச் சேற்றைப் பிழிந்து மேட்டில் கொட்டுவதுதானே என் பிழைப்பு? போன வாரம் வடிகட்டும் துணி அடைத்துக்கொண்டு, சேறு கொழகொழவென்று வந்தது. அப்படியே கொட்டினால் மேடு சரிந்து ஓடைக்குப் போய்விடும். துணியைக் கழுவி, பிழியும் நேரத்தையும் இரட்டிப்பாக்கினேன். மறுநாள் ஈரம் ஒன்பது சதவீதம்! மீசையை முறுக்கிக்கொண்டேன். பதினைந்து இருக்க வேண்டும் என்பது அந்தப் பெருமையில் மறந்தே போயிற்று.

மத்தியானம் காற்று கிளம்பியது. மேடு தூசியாய்ப் பறந்து, குடியிருப்பில் கொடியில் கிடந்த துணியெல்லாம் சாம்பல் நிறம். பிழிந்தெடுத்த தண்ணீரையே லாரியில் கொண்டுபோய்த் திரும்பத் தெளித்தோம். லாரி டிரைவரின் மனைவி என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டி, “உங்க வீட்டுக்காரம்மா பஸ் ஏறும்போது சொன்னது சரிதான். இந்த மனுஷன் நெஞ்சுல ஈரமே இல்ல!” என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சட்டையை மூன்று முறை அலசும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, அக்காவுக்கு ஆபரேஷன் என்று அழுதுகொண்டு நின்றாய். நான் ஆலைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “சரி, போய்ட்டு வா” என்றேன். தப்புதான். நிமிர்ந்தால் நானும் அழுதுவிடுவேன் என்று பயம். அதை அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வீட்டுச் செய்தி: மாவு பிசைந்தேன். தளர்ந்தது, மாவு போட்டேன். இறுகியது, தண்ணீர் விட்டேன். கடைசியில் பத்துப் பேருக்கான உருண்டை! கையால் பிடித்துப் பார்த்தே சேற்றின் ஈரத்தைச் சொல்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். இதை வெளியே சொல்லிவிடாதே.

நேற்று ஒரு பிடி சேற்றை உள்ளங்கையில் அழுத்தினேன். உருண்டை உடையாமல் நின்றது, கையிலும் கொஞ்சம் ஈரம் ஒட்டியது. சோதித்தால் சரியாகப் பதினைந்து. மேடும் நின்றது, தூசியும் இல்லை.

அவசரமில்லை, மெதுவாக வா என்று எழுத நினைத்தேன். பொய். அக்கா நடந்த மறுநாளே வந்துவிடு. பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், கையில் பதிவேடு இருக்காது. இறங்கியதும் என் கண்ணைப் பார்த்து, எத்தனை சதவீதம் என்று நீயே சொல்.

இப்படிக்கு,
நீ இல்லாமல் காய்ந்து கிடக்கும்
உன் வீட்டுக்காரன்